கல்லாவுக்கு முந்திய தூரம்

துணிக்கடைக்குள் வரும் மனிதர்களைப் பின்தொடர்ந்து, அவர்கள் எங்கே நின்றார்கள், எதைத் தொட்டார்கள், எதைத் திரும்ப வைத்தார்கள் என்று குறித்துக்கொள்வது இன்று தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. அமெரிக்கரான பாக்கோ அண்டர்ஹில் 1999இல் எழுதிய ‘நாம் ஏன் வாங்குகிறோம்’ என்ற நூல் அந்தத் தொழிலைப் பொதுவாசகர்களிடம் கொண்டுசேர்த்தது. அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் வில்லியம் வைட். நியூயார்க்கின் சதுக்கங்களில் கேமராவை நிறுத்தி, மக்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள் என்று படம்பிடித்து 1980இல் நூலாக்கியவர் அவர். தெருவில் செய்த வேலையை அண்டர்ஹில் கடைக்குள் கொண்டுபோனார். அவர் சொன்னவற்றில் மிகவும் பேர்பெற்றது நியூயார்க்கின் புளூமிங்டேல்ஸ் கடையில் கண்டது. வாசலை ஒட்டி டை மாட்டிய ஸ்டாண்ட் ஒன்று இருந்தது. அதன் முன் நின்று பார்ப்பவர்களைப் பின்னால் போகிறவர்கள் இடித்துக்கொண்டே போனார்கள். இரண்டொரு இடி வாங்கியதும் பார்த்தவர்கள், அதிலும் பெண்கள், டையை விட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஸ்டாண்டை நெரிசல் இல்லாத இடத்துக்கு மாற்றினார்கள், விற்பனை கூடியது. யாரையும் கேள்வி கேட்காமல், பார்த்தே கண்டுபிடித்த உண்மை இது. இந்த முறையின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது இரண்டு அனுமானங்களின்மேல் நிற்கிறது: வாங்குவது என்ற செயல் கடைவாசலில் தொடங்கிக் கல்லாவில் முடிகிறது என்பது ஒன்று, அதைச் செய்பவர் ஒரு தனி ஆள் என்பது மற்றொன்று. தமிழ்நாட்டில் ஜவுளி எடுப்பதைப் பொறுத்தவரை இரண்டும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஆகவே கடைக்குள் எவ்வளவு கூர்மையாகக் கவனித்தாலும், கவனிப்பவர் பார்ப்பது ஒரு நெடிய செயலின் கடைசி அரைமணி நேரத்தை மட்டும்தான் என்பது என் வாதம்.

இடிபட்டால் வாங்கமாட்டார்கள் என்ற விதியை எடுத்துக்கொண்டு தீபாவளிக்கு முந்திய வாரத்தில் சென்னை ரங்கநாதன் தெருவிலோ மதுரை விளக்குத்தூண் பக்கத்திலோ போய் நின்று பார்க்கலாம். அந்த விதிப்படி அங்கே ஒரு கைக்குட்டைகூட விற்றிருக்கக் கூடாது. நடக்கக்கூட இடமில்லாத அந்தச் சந்துகளில்தான் ஒரு மாநிலமே தன் புதுத்துணியை வாங்குகிறது. நம் ஊர்ப் பெண்கள் இடிபடுவதை விரும்புகிறார்கள் என்று இதற்குப் பொருள் சொன்னால் அது அபத்தம். கூட்டத்தில் அவர்கள் படும் அவதியும் அருவருப்பும் எந்த ஊர்ப் பெண்ணுக்கும் குறைந்ததல்ல. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. புளூமிங்டேல்ஸில் டை பார்த்த பெண் வேறு எதற்கோ வந்தவர். போகிற போக்கில் கண்ணில் பட்டதை எடுத்துப் பார்த்தவர். அந்த விருப்பம் மெல்லியது; ஓர் இடியில் கலைந்துவிடும். விளக்குத்தூணில் நிற்பவர் வீட்டிலேயே பட்டியல் போட்டுவிட்டு வந்தவர். மாமியாருக்கு ஒன்று, கொழுந்தனாருக்கு வேட்டி சட்டை, மகளுக்குச் சுடிதார், தலைதீபாவளிக்கு வரும் மாப்பிள்ளைக்கு ஒரு செட். அந்தப் பட்டியலை நெரிசல் கலைத்துவிடாது. ஆக, கடையின் இட அமைப்பைப் பற்றிய கண்டுபிடிப்பு என்று நாம் படிப்பது, உண்மையில் வந்தவரின் விருப்பம் எவ்வளவு கெட்டியானது என்பதைப் பற்றிய கண்டுபிடிப்பு. அந்தக் கெட்டித்தன்மை கடைக்கு வெளியே உருவாகிறது.

அந்த வெளிப்பகுதி எவ்வளவு நீளமானது என்பதைக் காண, நகரத்தைவிட ஒரு கடைக்கோடி ஊரே உதவும். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று மேல்மலைக் கிராமங்களைக் கடந்து போகும் சாலை கிளாவரையில் முடிகிறது. கொடைக்கானலிலிருந்தே நாற்பது கிலோமீட்டருக்கு மேல், அதுவும் மலைப்பாதை. அதற்கு அப்பால் மேற்கே கேரளத்தின் வட்டவடைப் பக்கம் போக வேண்டுமானால் காட்டுவழிதான். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்சும் விளைகிற மண் இது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இந்தக் கிராமங்களின் விளைச்சல்தான். அந்தப் பூண்டு மலையிறங்கிப் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது. மேல்மலையிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கக் கிளம்பும் குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். எந்த மாதம் எடுப்பது என்பதைப் பூண்டு காய்ந்து விலைபோவது தீர்மானிக்கிறது. எந்த அளவுக்கு எடுப்பது என்பதைச் சந்தை விலை தீர்மானிக்கிறது. கொடைக்கானலோடு நிறுத்துவதா, வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி என்று இறங்குவதா, இன்னும் தள்ளித் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போவதா என்பதைப் பேருந்து நேரமும், இரவு தங்க எந்த ஊரில் சொந்தக்காரர் வீடு இருக்கிறது என்பதும் தீர்மானிக்கின்றன. எத்தனை பேர் போகலாம் என்பது பயணச் செலவைப் பொறுத்தது. யார் கட்டாயம் போக வேண்டும் என்பது உறவு முறையைப் பொறுத்தது. பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் சேர்ந்து எடுக்கிற வழக்கமென்றால் இரண்டு தரப்புக்கும் தோதான நாள் வேண்டும். தாய்மாமன் சீருக்கு எடுப்பதென்றால் அவர் வராமல் முடியாது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் முதல் ஆள் கடைவாசலில் கால் வைக்கிறார். கூரையில் பொருத்திய கேமரா அந்த நொடியை ‘தொடக்கம்’ என்று பதிவுசெய்கிறது.

உள்ளே புடவைப் பகுதியில் நடப்பதை இனிப் பார்க்கலாம். வெள்ளை விரித்த மேடை. அதன்மேல் விற்பனையாளர் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரித்துப் போடுகிறார். எதிரே ஏழெட்டுப் பேர். மணப்பெண் நடுவில் இருக்கலாம். ஆனால் அதிகம் பேசுபவர் அவராக இருப்பதில்லை. பேசுபவர் அத்தையோ அக்காவோ. “முந்தியைக் காட்டுங்க, உடம்புல புட்டா இல்லாம இருக்கா, கரை இதைவிடச் சின்னதா வேணும்” என்று தேடலை நடத்துபவர் அவர்தான். கொஞ்சம் தள்ளி ஒரு மூத்த பெண்மணி உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் பேசமாட்டார். விரலிடையே துணியை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார், ஜரிகையைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். கருநீலத்தை யாராவது தொட்டால் “அது வேண்டாம்” என்று ஒரு சொல் வரும். அதோடு அந்த அடுக்கு முழுதும் போய்விடும். கடைசியில் “இதையே எடுத்துக்கலாம்” என்று அவர் சொன்னால்தான் மடிப்பு நடக்கும். பின்வரிசையில் ஒருவர் சுவரில் சாய்ந்து, அலுத்துப்போனவர்போலச் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அண்டர்ஹில்லின் கண்ணுக்கு இவர் காத்திருக்கும் கணவர். இவருக்கு ஒரு நாற்காலி போட்டால் மனைவி நிதானமாக வாங்குவாள் என்பது அவர் சொல்லும் யோசனை. ஆனால் இந்த மனிதர் செல்பேசியில் பார்த்துக்கொண்டிருப்பது கணக்காக இருக்கலாம். ஊரில் இருந்துவிட்ட தங்கைக்குப் புடவைப் படம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதாக இருக்கலாம். இங்கே முடிவெடுப்பவர் யார், செலுத்துபவர் யார், உடுத்துபவர் யார், தடுக்கும் உரிமை யாருக்கு என்பவை ஒரே ஆளிடம் இல்லாமல் பிரிந்து இருக்கின்றன. அசைவைக் கொண்டு அளக்கும் எந்தக் கருவியும் அதிகம் அசைகிறவரையே முக்கியமானவராகக் காட்டும். இந்தக் குழுவிலோ மிகக் குறைவாக அசைகிறவரிடம்தான் அதிகாரம் இருக்கிறது.

இதே மேடையில் இன்னொரு நுட்பமும் உண்டு. பாரிசின் போன் மார்ஷே கடையை 1852இலிருந்து வளர்த்தெடுத்த அரிஸ்டீட் பூசிக்கோ கொண்டுவந்த பெரிய மாற்றங்களில் ஒன்று, வாங்கும் கடமை இல்லாமல் யாரும் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்பது. எமில் சோலா அத்தகைய கடைகளுக்குப் போய்க் குறிப்பெடுத்து 1883இல் ஒரு நாவலே எழுதினார். பார்ப்பதற்கும் வாங்குவதற்கும் இடையில் கடமை அறுந்துபோனதால்தான் கடைக்காரருக்குப் பார்ப்பவரை ஆராயும் தேவையே வந்தது என்று நினைக்கிறேன். நம் ஜவுளிக்கடை அந்தக் கடமையை முழுதாக அறுக்கவில்லை. ஒருவர் முப்பது புடவைகளைப் பிரித்துப் போட்ட பிறகு எழுந்து வெளியே போவது பலருக்கு எளிதாக இருப்பதில்லை. “பார்த்துட்டு வர்றோம்” என்று சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடும். சிலர் அந்தச் சங்கடத்துக்காகவே ஒரு ரவிக்கைத் துணியோ துண்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். கல்லாக் கணக்கில் அது வெற்றி: வந்தவர் வாங்கிவிட்டார். ஆனால் முகூர்த்தப் புடவைக்கு வந்த குடும்பம் அடுத்த கடைக்குப் போய்விட்டது. மரியாதைக்காக நடந்த அந்தச் சிறு கொள்முதல், தோல்வியின் அடையாளம். பில்லை மட்டும் பார்க்கிறவருக்கும் கேமராவை மட்டும் பார்க்கிறவருக்கும் இது தெரியாது.

அண்டர்ஹில்லுக்கு எதிராக அவருடைய எண்களையே சாட்சிக்கு அழைக்கலாம். வீட்டுச் சாமான் விற்கும் ஒரு தொடர்கடையில் அவருடைய குழு அளந்தது: தோழியோடு வந்த பெண் சராசரியாக 8 நிமிடம் 15 விநாடி கடையில் இருந்தாள், குழந்தைகளோடு வந்தவள் 7 நிமிடம் 19 விநாடி, தனியாக வந்தவள் 5 நிமிடம் 2 விநாடி, ஆணோடு வந்தவள் 4 நிமிடம் 41 விநாடி. வந்தவர்கள் எல்லோரும் பெண்கள், கடையும் ஒன்றுதான். கூட வந்தவர் யார் என்பது ஒன்றே நேரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது, அல்லது பாதியாக்குகிறது. இந்த எண்களைக் கண்டவுடன் ‘வாங்குபவர்’ என்ற தனி ஆளை விட்டுவிட்டு ‘வந்த கூட்டம்’ என்பதை அளவின் அலகாக எடுத்திருக்க வேண்டும். அவர் அப்படிச் செய்யாமல், ஆண்களை எங்கே உட்கார வைப்பது என்ற யோசனைக்குப் போய்விட்டார். சரியான திசையில் நடந்தவர் மானுடவியலாளர் டேனியல் மில்லர். வடக்கு லண்டனின் ஒரு தெருவில் வசித்தவர்களோடு பழகி, அவர்களோடு கடைக்குப் போய், 1998இல் அவர் எழுதிய நூலின் மையக் கருத்து, மக்கள் பெரும்பாலும் பிறருக்காகவே வாங்குகிறார்கள் என்பது. வீட்டில் இருக்கும் ஒருவர்மேல் கொண்ட அன்பும் அவர் எப்படி இருக்க வேண்டும் என்ற கனவும் அந்தக் கொள்முதலில் வேலைசெய்கின்றன. தனிமனித ஆசையின் தலைநகரம் என்று நாம் நினைக்கும் லண்டனிலேயே இதுதான் நிலை என்றால், சீரும் கோடியும் புதுத்துணியும் யார் யாருக்கு என்று உறவு வாரியாக வகுத்து வைத்திருக்கும் சமூகத்தில் தனி ஆளை மட்டும் அளந்து என்ன தெரியப்போகிறது? மில்லர் பிறகு முகுலிகா பானர்ஜியோடு சேர்ந்து புடவையைப் பற்றியே 2003இல் ஒரு நூல் எழுதினார். அவர்கள் கடையைவிட, புடவையை உடுத்தி வாழும் பெண்களிடம்தான் அதிகம் போனார்கள்.

வெளியில் ஒரேமாதிரி தெரியும் நடத்தைகள் உள்ளுக்குள் முற்றிலும் வேறாக இருப்பதற்குக் கொடைக்கானல் நகரத்தின் ஸ்வெட்டர் கடைகளைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. கோடையில் மலையேறும் சுற்றுலாப் பயணிகளின் பெருக்கம் எவ்வளவு என்பதற்கு, உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானதே அடையாளம். சமவெளியிலிருந்து மெல்லிய சட்டையோடு வந்த குடும்பம் மாலையில் குளிர் இறங்கியதும் கடைக்குள் ஓடிவருகிறது. குழந்தைக்குக் குல்லா, பாட்டிக்கு மப்ளர், எல்லோருக்கும் ஸ்வெட்டர். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஊருக்குத் திரும்பினால் அவை பீரோவின் மேல்தட்டுக்குப் போகும். அதே கடையில் மேல்மலையிலிருந்து வந்த ஒருவரும் அதே ஸ்வெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். மார்கழி, தை மாதங்களில் பனி உறைகிற ஊரில், விடிகாலையில் தோட்டத்துக்குப் போகும்போது போட்டுக்கொள்ள வேண்டியது அது. மண்ணும் ஈரமும் படும், முள்ளில் மாட்டும், வாரக்கணக்கில் துவைக்க வெயில் கிடைக்காது. தையல் விடுமா, முழங்கையில் தேயுமா, அடுத்த வருஷம் தம்பிக்குப் பொருந்துமா என்பவை அவர் மனத்தில் ஓடும் கேள்விகள். எங்கே கூட்டம் தேங்குகிறது என்று வண்ணத்தில் காட்டும் ஹீட் மேப்பில் இரண்டு பேரும் ஒரே சிவப்புப் புள்ளி. சீசனில் பயணிகளே அதிகம் என்பதால் சராசரியில் அவர்கள் குரல்தான் கேட்கும். கடைக்காரர் அந்தச் சராசரியை நம்பிச் சரக்கு வாங்கினால் பளிச்சென்ற, மலிவான, ஒரு மாலைக்குப் போதுமான துணியே மலைக்கு வரும். மன்னவனூரில் 1965இலிருந்து மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இயங்குகிறது; மென்மையான கம்பளி தரும் ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். குளிருக்கு எது உழைக்கும் என்ற அறிவு இந்த மலையிலேயே இருக்க, கடையில் எது தொங்க வேண்டும் என்பதை ஒரு வாரம் வந்துபோகிறவர்களின் கைநீட்டல் தீர்மானிப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அப்படியானால் கடைக்குள் உண்மையைப் பார்க்கிறவர் யாருமே இல்லையா என்றால், இருக்கிறார். மேடைக்கு அந்தப் பக்கம் நிற்கும் விற்பனையாளர்தான் அவர். “யாருக்குப் பாக்குறீங்க, என்ன விசேஷம், எந்த ரேஞ்சுல?” என்ற அவருடைய முதல் மூன்று கேள்விகளே எந்த ஆய்வுப் படிவத்தையும்விடக் கூர்மையானவை: உறவு, நிகழ்வு, பணம். நான்காம் புடவையைப் பிரிப்பதற்குள் இந்தக் கூட்டத்தில் யாருடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதை அவர் கண்டுகொள்வார். பாட்டி துணியைத் தேய்த்துப் பார்க்கிறாரா, விலைச்சீட்டைப் பார்க்கிறாரா என்பதிலிருந்து அடுத்த அடுக்கைத் தேர்வார். சொன்ன பட்ஜெட் உண்மையானதா, பேரத்துக்காகக் குறைத்துச் சொன்னதா என்பதும் அவருக்குத் தெரியும். இந்த அறிவு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அவரையும் சேர்த்துத்தான் கேமரா கண்காணிக்கிறது. அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அவர் எந்த நிலையில் நின்று இதைக் கவனிக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைத் தொழிலாளர்களின் வாழ்வை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் திரையில் காட்டியது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பு தொடங்கிய போராட்டம், 2018இல் கேரளத்தில் கடைத் தொழிலாளர்களுக்கு உட்காரும் உரிமை சட்டமாக வழிவகுத்தது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலையாட்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற பிரிவைச் சேர்த்தது. வாங்க வந்தவரின் கணவருக்கு நாற்காலி போடுவதால் விற்பனை எவ்வளவு கூடும் என்று கணக்கிட்ட துறை, கால் கடுக்க நிற்பவரின் கவனம் மாலை ஏழு மணிக்கு எப்படி இருக்கும் என்று கணக்கிடவில்லை. வாங்குபவரைப் பற்றிய மிகச் சிறந்த அறிவு, கடையில் மிகவும் களைத்துப்போன ஆளிடம் இருக்கிறது.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு, நான் சொல்வது பழைய கதை என்பது. இன்று வாலிபர்கள் தனியாக வருகிறார்கள். ரெடிமேட் பகுதியில் தாங்களே எடுத்து, டிரையல் ரூமில் போட்டுப் பார்த்து, பில் போட்டுப் போகிறார்கள். பலர் கடைக்கே வராமல் செல்பேசியில் வாங்குகிறார்கள். இதில் பாதி உண்மை. டி-ஷர்ட், ஜீன்ஸ், நைட்டி போன்றவை தனி ஆளின் கொள்முதலாக மாறிவிட்டன. அங்கே அண்டர்ஹில்லின் அளவுகள் நன்றாகவே பொருந்தும், டிரையல் ரூமுக்குப் போகிறவர் வாங்கும் வாய்ப்பு அதிகம் என்ற அவருடைய முடிவு உட்பட. ஆனால் ஒரு குடும்பத்தின் ஜவுளிச் செலவில் கனமான பகுதி இன்னும் கல்யாணம், காதுகுத்து, தீபாவளி, பொங்கல், ஊர்த்திருவிழா ஆகியவற்றைச் சுற்றியே இருக்கிறது. பெரிய கடைகள் தங்கள் ஆண்டையே அப்படித்தான் வகுத்திருக்கின்றன. கல்யாணங்கள் நின்றுபோகும் ஆடியில் தள்ளுபடி என்ற ஏற்பாடே, விசேஷம் இல்லாவிட்டால் ஜவுளி நகராது என்று வணிகர்கள் கொடுத்த ஒப்புதல். கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் தீபாவளியை ஒட்டி 30 விழுக்காடு தள்ளுபடி தருவதும் இந்த நாட்காட்டியைப் பார்த்துத்தான். செல்பேசியில் வாங்குவது என் வாதத்தை இன்னும் வலுவாக்குகிறது. கடைக்காரரின் கண்ணுக்கு எட்டாத பகுதி அங்கே இன்னும் பெரிதாகிவிடுகிறது. நடந்த ஆலோசனை முழுதும் வீட்டுத் திண்ணையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் நடந்து, ஒரு விரலின் சொடுக்கு மட்டும் பதிவாகிறது. தேர்வே இல்லாமல் வரும் துணியும் உண்டு என்பதை இங்கே மறக்கக் கூடாது. 1983இல் தொடங்கிய பொங்கல் வேட்டி சேலைத் திட்டத்தில் கிடைக்கும் புடவையை யாரும் கடையில் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் அது வீட்டுக்கு வந்தபின் யாருக்குப் போகிறது, எப்போது கட்டப்படுகிறது என்பது கடையில் எடுக்கும் அடுத்த புடவையைத் தொடுகிறது.

இரண்டாம் மறுப்பு வணிகரிடமிருந்து வரும்: “எனக்கு விற்பனை கூடினால் போதும், அவர்கள் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது எனக்கு எதற்கு?” இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஸ்டாண்டை நகர்த்தினால் டை விற்கிறது என்றால், ஏன் என்று தெரியாமலே நகர்த்தலாம். ஆனால் காரணம் தெரியாத திருத்தம் ஓர் ஊரில் பலித்து இன்னோர் ஊரில் பொய்த்துப்போகும்போது என்ன செய்வது என்று வணிகருக்குத் தெரியாது. நடுத்தர நகரங்களின் ஜவுளிக்கடைகள் சிலவற்றில் உட்கார்ந்து பார்க்கும் மேடையை எடுத்துவிட்டு, ஹேங்கரில் வரிசையாகத் தொங்கவிட்டுப் புடவையையும் தானே எடுத்துக்கொள்ளும் முறைக்கு மாற்றியிருக்கிறார்கள். இடம் மிச்சம், ஆள் மிச்சம். ஏழு பேர் கொண்ட கூட்டம் அந்தக் குறுகிய சந்தில் ஒருவர் பின் ஒருவராக நிற்க வேண்டியிருக்கிறது. முன்னால் நிற்பவருக்குத் தெரிவது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. முடிவு சொல்ல வேண்டிய மூத்தவர் உட்கார இடமில்லாமல் வாசல் பெஞ்சுக்குப் போய்விடுகிறார். தடுக்கும் உரிமையும் ஒப்புக்கொள்ளும் உரிமையும் உடைய ஆள் துணியைப் பார்க்கவே முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு சதுர அடிக்கு எத்தனை உருப்படி என்று எண்ணியவர்களுக்கு, அந்தச் சதுர அடியில் எத்தனை பேர் சேர்ந்து நின்று ஒரே துணியைப் பார்க்க வேண்டும் என்பது கேள்வியாகவே எழவில்லை. வணிகரின் நோக்கில் பார்த்தாலும் கூட்டத்தை அளவாகக் கொள்வதே லாபம்.

மூன்றாம் மறுப்பே கனமானது. கடைக்குள் பார்ப்பது போதாது, வீடுவரை போக வேண்டும் என்றால், ஏற்கெனவே அளவு மீறிய கண்காணிப்பை இன்னும் விரிக்கச் சொல்கிறேனா? இந்தக் கேள்வி நியாயமானது. துணிக்கடையில் கேமரா என்றாலே பெண்களுக்கு வரும் முதல் அச்சம் உடைமாற்றும் அறையைப் பற்றியது. அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு பெண்ணை அவள் அறியாமல் தனிமையில் பார்ப்பதும் படமெடுப்பதும் 2013இல் தனிக் குற்றமாக்கப்பட்டு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவாக இருக்கிறது. 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இவையெல்லாம் ஒரு கோட்டைக் கிழிக்கின்றன: அறியாமல் பார்ப்பதற்கும் கேட்டு அறிவதற்கும் இடையிலான கோடு அது. நான் சொல்வது இரண்டாவதை. அண்டர்ஹில் முறையின் பெருமையே பார்க்கப்படுபவருக்குத் தெரியாமல் பார்ப்பது. தெரிந்தால் நடத்தை மாறிவிடும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். மில்லரின் முறை, தெரிந்தவராகி, பேசி, அனுமதியோடு உடன்போவது. முதலாவதில் எண்கள் அதிகம் கிடைக்கும். இரண்டாவதில் அந்த எண்களுக்குப் பொருள் கிடைக்கும். கிளாவரையின் ஒரு குடும்பம் ஜவுளி எடுக்கப்போவதை அறிய அவர்கள் செல்பேசியைத் துரத்த வேண்டியதில்லை. பூண்டு மூட்டை இறங்கிய பிறகு, அவர்களுக்கு ஓய்வு இருக்கும் நேரத்தில், ஒப்புக்கொண்டால் உட்கார்ந்து கேட்டால் போதும். சொல்ல மறுக்கவும் அவர்களுக்கு அப்போது இடம் இருக்கிறது. கேமராவிடம் மறுக்க முடியாது.

கடைக்குள்ளேயே இருந்துகொண்டு வெளியில் நடந்ததை ஓரளவு பார்க்க முடிகிற இடம் ஒன்று உண்டு: துணி மாற்றித் தரும் கவுண்டர். எடுத்துப்போன துணி வீட்டில் பிரிக்கப்பட்டு, பார்க்க வராதவர்கள் பார்த்து, அளவு சரியில்லை, சாயம் சரியில்லை, இன்னாருக்கு எடுத்ததைவிட இவருக்கு எடுத்தது குறைந்துபோய்விட்டது என்று வந்த தீர்ப்புகளெல்லாம் அந்தக் கவுண்டருக்குத்தான் திரும்பி வருகின்றன. ஆராய விரும்பும் கடைக்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. பெரும்பாலான கடைகள் அதை நஷ்டக் கணக்காகவே பார்க்கின்றன. பில்லின் அடியில் சிறிய எழுத்தில் நாட்களை வரையறுத்து, வருகிறவர்களைச் சீக்கிரம் அனுப்பிவைக்கப் பார்க்கின்றன. மாற்ற வந்தவரிடம் “யார் வேண்டாம்னு சொன்னாங்க?” என்று ஒரு கேள்வி கேட்டு எழுதிவைத்தால், ஓர் ஆண்டில் எந்தக் கேமராவும் தராத பாடம் அந்தக் கடைக்குக் கிடைக்கும். ஆனால் இந்தச் சாட்சியமும் அருகில் இருப்பவர்களுடையது மட்டுமே. மதுரைக்காரர் மறுநாள் வந்து மாற்றிக்கொள்வார். கிளாவரைக்காரருக்கு ஒரு சட்டையின் அளவை மாற்ற ஒரு நாள் கூலியும் போக வரப் பேருந்துக் கட்டணமும் போகும். பல சமயம் அது சட்டையின் விலையைத் தொட்டுவிடும். அவர் வரமாட்டார். அந்தச் சட்டை அக்கா மகனுக்கோ பக்கத்து வீட்டுப் பையனுக்கோ போகும். எடுத்துக்கொடுக்க வேண்டியவருக்கு வேறொன்று கொடைக்கானல் கடையில் கூடுதல் விலைக்கு எடுக்கப்படும். மதுரைக் கடையின் கணக்கில் முதல் சட்டை குறையில்லாமல் முடிந்த விற்பனை. கொடைக்கானல் கடையின் கணக்கில் இரண்டாம் சட்டை புதிய வாடிக்கையாளரின் வருகை. இரண்டு எண்களும் சரி. இரண்டுக்கும் இடையில் ஒரு குடும்பம் இரண்டு முறை செலவழித்தது எந்த எண்ணிலும் இல்லை.